எலும்பு கூடுமா?

தேக்கா சந்தையில் மீன் வாங்கியவர்களுக்கு அந்த ஓசை பழக்கமானது. கடைக்காரர் மீனைப் பலகையில் வைத்து, 'சரக், சரக்' என்று செதில்களைச் சுரண்டுவார். அவை நாலாபக்கமும் தெறிக்கும். மீன் நம் பைக்குள் வரும். செதில்கள் குப்பைத்தொட்டிக்குப் போகும். அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரால் வகை மீனின் செதில்களிலிருந்து ஒரு தாதுப்பொருளையும், உணவுக்காக வளர்க்கப்படும் காளைத் தவளையின் தோலிலிருந்து ஒரு புரதத்தையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள். இரண்டையும் கலந்து, கடற்பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்த ஒரு பொருளை உருவாக்கினார்கள். மனித எலும்பை உருவாக்கும் உயிரணுக்களை அதன்மேல் வைத்தபோது, அவை ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கின. முறிந்த எலும்பில் உள்ள இடைவெளியை நிரப்ப இத்தகைய பொருள் உதவக்கூடும் என்று 2021ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தார்கள்.

இந்தச் செய்தியை நான் தேடிப் படித்ததற்கு என் பெரியம்மாதான் காரணம். அவருக்கு வயது 76. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக வசிக்கிறார். சென்ற ஆண்டு குளியலறையில் கால் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதால் தலை தப்பியது. ஆனால், வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரங்கள் மாவுக்கட்டோடு இருந்தார். பிறகு நடந்த சோதனையில் அவருக்கு எலும்புப்புரை நோய் இருப்பது தெரியவந்தது. எலும்பின் உட்புறத் துளைகள் பெரிதாகி, எலும்பு வலுவிழந்து, எளிதில் முறியும் நிலையை அடைவதே அந்த நோய். மணிக்கட்டு முறிந்தவருக்கு அடுத்து இடுப்பெலும்பும் முறியலாம். முதியவர்களுக்கு அது மிகவும் ஆபத்தானது. சிலரால் மீண்டும் எழுந்து நடக்கவே முடியாமல் போகலாம்.

மருத்துவர் வாரம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, எதுவும் சாப்பிடக்கூடாது. காப்பிகூடக் குடிக்கக்கூடாது. காப்பி குடித்தால்தான் பொழுது விடிந்ததாக நினைக்கும் பெரியம்மாவுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய தண்டனையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காந்த வளையலைப் பற்றிய செய்தி வந்தது. பெரியம்மாவின் தோழி ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். அதில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், "காந்தத் துகள்கள் எலும்பை வளர்க்கும். விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தக் காந்த வளையலை அணிந்தால் போதும்!" என்று பேசினார். வளையலின் விலை 88 வெள்ளி.

"இதைப் போட்டுக்கொண்டால் அந்த மாத்திரையை விட்டுவிடலாமாம். நீ ஆங்கிலத்தில் நிறையப் படிக்கிறவள். காந்தத்தால் எலும்பு கூடுமா, கூடாதா? எனக்குப் புரிகிற தமிழில் சொல், பார்ப்போம்," என்றார் பெரியம்மா.

'கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்தக் காணொளியில் பாதி உண்மை இருந்தது. காந்தத் துகள்களைக் கொண்டு எலும்பைச் சீராக்கும் ஆய்வு உலகின் பல இடங்களில் நடக்கத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டுப் பதில் சொன்னால், நாளை வேறொருவர் அந்தப் பாதி உண்மையைக் காட்டி அவரை நம்பவைத்துவிடலாம். எனவே, முழுவதையும் படித்துச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் எலும்பைப் பற்றிப் பேசினோம். பெரியம்மா குழம்பு வைத்து மீந்த ஒரு கோழிக்கால் எலும்பைக் கழுவி, ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, அது மூழ்கும்வரை வினிகர் ஊற்றினேன். சில நாள்கள் கழித்து எடுத்தபோது அந்த எலும்பு ரப்பரைப் போல வளைந்தது. "இதென்ன எலும்பா, முருங்கைக்காயா?" என்று பெரியம்மா வியந்தார்.

எலும்பில் இரண்டு முக்கியப் பொருள்கள் உள்ளன. ஒன்று, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். அதை 'ஹைட்ராக்சிஅபடைட்' வகையைச் சேர்ந்தது என்பார்கள். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள்தான். மற்றொன்று, 'கொலாஜன்' என்னும் புரதம். வினிகர் தாதுவைக் கரைத்துவிட்டது. கொலாஜன் மட்டும் மிஞ்சியது. அதனால்தான் எலும்பு வளைந்தது. இதற்கு மாறாக, எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்துவிடும். மிஞ்சும் தாது தொட்டாலே நொறுங்கும். நம் அடுக்குமாடிக் கட்டடங்களில் சிமெண்டுக் கலவையும் இரும்புக் கம்பியும் சேர்ந்து வலிமை தருவதைப் போல, எலும்பில் தாதுவும் கொலாஜனும் சேர்ந்து வலிமை தருகின்றன. மீன் செதிலிலும் இதே இரண்டு பொருள்கள்தாம் இருக்கின்றன. ஆய்வாளர்கள் செதிலைத் தேடிப் போனதற்குக் காரணம் அதுவே.

எலும்பில் உள்ள தாதுப் படிகங்கள் மிகமிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் பகுதிகளாகப் பிரித்தால், அதில் ஒரு பகுதியே ஒரு நானோமீட்டர். எலும்புப் படிகத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். அதனால், எலும்புக்கு மாற்றுப்பொருள் செய்ய விரும்புவோரும் அதே அளவுக்குச் சிறிய துகள்களை உருவாக்க முயல்கிறார்கள். சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், குப்பையில் போடும் முட்டை ஓடுகளிலிருந்து அத்தகைய நுண்ணிய ஹைட்ராக்சிஅபடைட்டை உருவாக்கும் வழியை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

எலும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் உடையது. பழைய எலும்பை அரித்து நீக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் நம் உடலில் ஓயாமல் வேலை செய்கின்றன. சிறிய முறிவுகள் கூடுவது இதனால்தான். ஆனால், விபத்தினாலோ புற்றுநோயினாலோ எலும்பில் பெரிய இடைவெளி ஏற்பட்டால், உயிரணுக்களால் அதைத் தாண்டிப் போக முடியாது. அப்போது மருத்துவர்கள் நோயாளியின் இடுப்பிலிருந்தே சிறிதளவு எலும்பை எடுத்து அங்கே வைப்பதுண்டு. அந்த முறை நல்ல பலன் தருகிறது. ஆயினும், நோயாளிக்கு இரண்டு இடங்களில் காயம். இரண்டு இடங்களில் வலி. எடுக்கக்கூடிய எலும்பின் அளவுக்கும் எல்லை உண்டு.

இதற்கு மாற்றாகத்தான் ஆய்வாளர்கள் 'சாரம்' கட்டப் பார்க்கிறார்கள். கட்டட வேலை நடக்கும்போது தொழிலாளர்கள் ஏறி நிற்பதற்குச் சாரம் கட்டுவார்கள் அல்லவா? அதுபோலவே, எலும்பு உயிரணுக்கள் ஏறிப் படர்ந்து வேலை செய்வதற்கு ஒரு சாரம். வேலை முடிந்ததும் அது கரைந்துவிட்டால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் தோன்றிய ஆஸ்டியோபோர் நிறுவனம் அத்தகைய சாரத்தை முப்பரிமாண அச்சு முறையில் தயாரிக்கிறது. உடலுக்குள் மெல்ல மெல்லக் கரையும் ஒரு பொருளால் ஆனது அது. மூளை அறுவை சிகிச்சைக்காக மண்டையோட்டில் இடும் துளையை மூடுவதற்கு அதை மருத்துவர்கள் உண்மையாகவே பயன்படுத்தி வருகிறார்கள்.

"சரி, இதில் காந்தம் எங்கே வந்தது?" என்று பெரியம்மா பொறுமையிழந்து கேட்டார்.

காந்தக்கல் என்று நாம் சொல்லும் கரிய தாது, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதை ஏறக்குறைய 20 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக ஆக்கினால், அதன் குணம் மாறுகிறது. அருகில் காந்தம் இருந்தால் துகள்கள் காந்தமாகும். காந்தத்தை எடுத்துவிட்டால் அந்தத் தன்மையை இழந்துவிடும். இந்தக் குணம் மருத்துவத்துக்கு மிகவும் தேவையானது. எப்போதும் காந்தமாகவே இருக்கும் துகள்கள் இரத்தக் குழாய்க்குள் ஒன்றையொன்று இழுத்து, கட்டியாகச் சேர்ந்து, அடைப்பை உண்டாக்கிவிடலாம்.

இந்தத் துகள்களைக் கொண்டு மூன்று வேலைகளைச் செய்ய முயல்கிறார்கள். முதல் வேலை, மருந்தைச் சுமப்பது. எலும்பில் கிருமித்தொற்றோ கட்டியோ இருந்தால், வழக்கமான மருந்து உடல் முழுவதும் பரவி, சிறிதளவே எலும்பைச் சென்றடையும். மருந்தைக் காந்தத் துகளின்மேல் ஏற்றி, வெளியே ஒரு காந்தத்தை வைத்து, நோயுள்ள இடத்துக்கு இழுத்தால் குறைந்த மருந்தே போதுமானதாக இருக்கலாம். இரண்டாவது வேலை, சூடாக்குவது. வேகமாகத் திசை மாறும் காந்தப்புலத்தில் துகள்கள் சூடேறும். அந்தச் சூடு அருகிலுள்ள புற்றணுக்களைத் தாக்கும். மூன்றாவது வேலை, எலும்பு உயிரணுக்களை மெல்ல இழுத்துத் தூண்டுவது. எலும்பு உழைத்தால்தான் வலுப்பெறும். எடையற்ற விண்வெளியில் தங்கும் வீரர்களின் உடலைத் தாங்கும் எலும்புகள் மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கின்றன. படுத்தே இருக்கும் நோயாளியின் எலும்புக்கும் ஏதாவது ஒரு வழியில் உழைப்பைக் கொடுக்க முடியுமா என்பதே இங்குள்ள கேள்வி.

இத்தாலியில் ஃபாயென்சா என்ற ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக மண்பாண்டக் கலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள ஆய்வாளர்கள், ஹைட்ராக்சிஅபடைட் படிகத்தில் கால்சியம் இருக்கும் சில இடங்களில் இரும்பை அமர்த்தினார்கள். எலும்பின் தாதுவே காந்தத்துக்கு இணங்கும் பொருளாக மாறியது. 2012ஆம் ஆண்டில் அவர்கள் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். சாரமும் அதுவே, காந்தமும் அதுவே என்றால், அந்தச் சாரத்துக்குள் மருந்தை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொள்ளலாம் அல்லவா? இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆனால், வியப்போடு நிறுத்திக்கொண்டால் நானும் அந்தக் காணொளி மனிதரைப் போலத்தான் பேசியிருப்பேன். அடுத்து, இவற்றில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தேன். இரும்புத் துகள் மருந்து ஒன்று, இரத்தசோகை உள்ள சிலருக்குக் கொடுப்பதற்காக 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால், 2015ஆம் ஆண்டில் அதற்கான எச்சரிக்கையை அந்நாட்டு அதிகாரிகள் கடுமையாக்கினார்கள். துகள்களைச் சூடாக்கி மூளைக் கட்டிக்குச் சிகிச்சை அளிக்கும் ஜெர்மானிய முறை, 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. காந்தத்தால் மருந்தை இழுக்கும் முறையை 1996ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் 14 புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆனால், எல்லோருடைய கட்டியிலும் துகள்கள் போய்ச் சேரவில்லை. பல ஆண்டுகள் கடந்த பிறகும் அம்முறை மருத்துவமனைகளில் அன்றாடச் சிகிச்சையாக ஆகவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? காந்தத்தின் விசை, தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறைகிறது. தோலுக்குக் கீழேயே இருக்கும் மணிக்கட்டை அது எட்டலாம்; தசைகளுக்குள் ஆழமாக இருக்கும் இடுப்பெலும்பை எட்டுவது கடினம். ஓடும் இரத்தம் துகள்களை அடித்துச் செல்கிறது. கல்லீரலும் மண்ணீரலும் அவற்றை வேண்டாத விருந்தாளிகளாகக் கருதிப் பிடித்துவைக்கின்றன. காந்தத்துக்கு இணங்கும் எலும்புச் சாரங்கள் பெரும்பாலும் உயிரணுக்களிலும் விலங்குகளிலும் சோதிக்கப்படும் நிலையிலேயே இருக்கின்றன.

வளையலின் கதை வேறு. அதை அணிபவரின் எலும்பில் சாரமும் இல்லை. மருந்து சுமக்கும் துகளும் இல்லை. "இரத்தத்தில்தான் இரும்பு இருக்கிறதே, அதைக் காந்தம் இழுக்காதா?" என்று பெரியம்மா கேட்டது நல்ல கேள்விதான். ஆனால், இரத்தத்தில் உள்ள இரும்பு வேறு பொருள்களோடு பிணைந்திருக்கிறது. ஆணியைப் போலக் காந்தத்தில் ஒட்டாது. மருத்துவமனையில் உள்ள எம்ஆர்ஐ கருவியின் காந்தம், குளிர்பதனப் பெட்டியில் நாம் ஒட்டும் காந்தத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலிமையானது. அதற்குள் படுத்து எழுபவரின் இரத்தம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடுவதில்லையே! பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூட்டு அழற்சி உள்ள 70 பேரிடம் காந்தவிசை உள்ள வளையலையும் விசை நீக்கப்பட்ட வளையலையும் மாறி மாறி அணியக் கொடுத்துப் பார்த்தார்கள். வலியிலும் வீக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று 2013ஆம் ஆண்டில் அவர்கள் தெரிவித்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியென்றால், காந்தத்தால் எலும்பு கூடும் என்கிறாயா, கூடாது என்கிறாயா?" என்றார் மறுபடியும்.

அவருடைய கேள்வியிலேயே பதில் இருந்தது. தமிழில் 'கூடும்' என்ற சொல்லுக்கு 'ஒன்றுசேரும்' என்பது ஒரு பொருள். முறிந்த எலும்பு கூடும் என்கிறோம். 'நடந்தாலும் நடக்கலாம்' என்பது இன்னொரு பொருள். மழை பெய்யக்கூடும் என்கிறோம். ஆய்வாளர்கள் சொல்வது இரண்டாவது 'கூடும்'. காணொளியில் பேசியவர் அதை முழுவதுமாக விழுங்கிவிட்டார். 'எலும்பை வளர்க்கக்கூடும்' என்பது 'எலும்பை வளர்க்கும்' என்று ஆகிவிட்டது. அந்தச் சிறிய சொல்லுக்குள்தான் இன்னும் நடக்க வேண்டிய பல ஆண்டுச் சோதனைகள் அடங்கியிருக்கின்றன.

இதைத்தான் பெரியம்மாவிடம் சொன்னேன். "உங்கள் மாத்திரை அந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டி வந்தது. ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து, முறிவு குறைகிறது என்று பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள். வளையலுக்கு அப்படி எதுவும் இல்லை," என்றேன்.

அவர் வளையலை வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் ஒலி 96.8 கேட்கிறார். அதன் பிறகே காப்பி. தம் தோழியிடமும் பேசியிருக்கிறார். "வளையலைப் போட்டுக்கொள், அது உன் விருப்பம். மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே" என்று சொன்னாராம். நான் இரண்டு வாரங்கள் படித்ததை அவர் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

உயிரணுவில் வெற்றி பெற்றது விலங்கில் தோற்கலாம். விலங்கில் வெற்றி பெற்றது மனிதரில் தோற்கலாம். சிலருக்குப் பலன் தந்தது பலருக்குப் பலன் தராமல் போகலாம். ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துவிட்டுத்தான் அறிவியல் அடுத்த படியில் கால் வைக்கிறது. ஒரு மருத்துவச் செய்தி நம் கைத்தொலைபேசிக்கு வரும்போது, அது எந்தப் படியில் நிற்கிறது என்று நாம் கேட்க வேண்டும். யாரிடம் சோதித்தார்கள்? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? செய்தியைச் சொல்பவர் நம்மிடம் எதையாவது விற்கிறாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால், அந்தச் செய்தியை இன்னொருவருக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

மாணவர்களே, நீங்கள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். உங்கள் தாத்தா பாட்டியோ உடல்வலியைத் தமிழில் சொல்கிறார்கள். பலதுறை மருந்தகத்தில் அவர்களுக்கு அருகில் அமர்ந்து, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை உங்களில் சிலருக்கு ஏற்கெனவே வந்திருக்கும். மற்றவர்களுக்கும் ஒரு நாள் வரும். அப்போது மருத்துவர் 'குணமாகும்' என்று சொன்னால் 'குணமாகும்' என்றே சொல்லுங்கள். அவர் 'குணமாகக்கூடும்' என்று சொன்னால், அந்தக் 'கூடும்' என்ற சொல்லை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.